சோதனையாளர் சொல்லும் கெட்ட செய்தி யாரிடம் போய்ச் சேருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான மென்பொருள் துறை பற்றிய கட்டுரையைப் படித்தேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளைச் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கில் எழுதிவிடுகின்றன, ஆகவே சோதனையாளர் என்றொரு வேலையே இனி தேவைப்படாது, தரக் குழுக்களைப் படிப்படியாகக் கலைத்துவிடலாம் என்பது அதன் சாரம். மென்பொருள் தரக் குழுக்களை நீண்ட காலமாக வழிநடத்திவருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். பிழைப்பு போய்விடுமே என்ற கவலையில் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இயந்திரத்திடம் ஒப்படைக்கக்கூடிய வேலையை மனிதர்களைக் கொண்டு செய்விப்பதை நான் எப்போதுமே எதிர்த்துவந்திருக்கிறேன்; ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அதே படிவத்தை அதே வரிசையில் கையால் நிரப்பிப் பார்க்கும் வேலை ஒழிந்தால், அதைச் செய்துவந்தவர்களே முதலில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

கட்டுரையில் என்னை உறுத்தியது வேறு. எத்தனை சோதனைகள் எழுதப்பட்டன, எத்தனை வேகத்தில் எழுதப்பட்டன என்பதை மட்டுமே வைத்து அது தரத்தை அளக்கிறது. சோதனைக் குழு ஒன்று நிறுவனத்துக்குத் தருவது உண்மையில் ஒரு செய்தியைத்தான்: இந்த மென்பொருளை இன்றைய நிலையில் வெளியிட்டால் என்ன நேரக்கூடும் என்ற செய்தி. அது பெரும்பாலும் கெட்ட செய்தியாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரின் காதில், முடிவெடுப்பதற்கு முன்னால், திரிக்கப்படாமல் அதைச் சேர்ப்பது மீதிப் பாதி. தரக் குழுவின் தலைமையை நான் இந்த இரண்டாம் பாதியை வைத்தே எடைபோடுவேன். மென்பொருளால் விளைந்த பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். 'யாருக்குமே தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொல்லத்தக்கவை அவற்றில் குறைவு. ஏதோ ஓரிடத்தில் அறிகுறி தென்பட்டு, கேட்பாரின்றிக் கிடந்தவையே அதிகம்.

அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடலில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததை எடுத்துக்கொள்வோம். புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டார்கள். விடுபட்ட அந்த ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்பே பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய வசதியை இயக்குவதற்கென்று ஒதுக்கிய குறியீடு, அந்தப் பழைய நிரலைத் தட்டி எழுப்பும் குறியீடாகவும் இருந்தது. சந்தை திறந்த முதல் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் தாமாகவே நடந்து முடிந்தன. நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. ஒரு சர்வர் விடுபட்டதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அமெரிக்கப் பங்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் இன்னொரு தகவலும் இருக்கிறது. சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தப் பழைய நிரலின் பெயரையே குறிப்பிட்டு, நிறுவனத்தின் உள் கணினி அமைப்பு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருக்கிறது. அவை எச்சரிக்கை என்ற வகையில் அனுப்பப்பட்டவை அல்ல. அவற்றைத் திறந்து பார்க்கும் வழக்கமும் அங்கே இருக்கவில்லை. நிரல் ஏற்றும் வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறையும் இல்லை. இங்கே இன்னும் ஆயிரம் சோதனைகளை எழுதியிருந்தால் என்ன பயன் என்று கட்டுரையாளரைக் கேட்க விரும்புகிறேன். இயந்திரம் தன் பங்குக்குச் சொல்லிவிட்டது. கேட்க வேண்டியவர் யார் என்று யாரும் தீர்மானித்து வைக்கவில்லை.

தானியங்கிச் சோதனைகளால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்று ஒரு நிரலாளர் தன் மாற்றத்தைக் குழுவின் பொது நிரல் களஞ்சியத்தில் சேர்த்தவுடன், சில நிமிடங்களுக்குள் சிறுசிறு சோதனைகள் நூற்றுக்கணக்கில் ஓடி முடிந்து, எது உடைந்தது என்று அவருக்கே சொல்லிவிடுகின்றன. தான் எழுதியது இன்னும் நினைவில் இருக்கும்போதே திருத்துவதற்கும், மூன்று வாரம் கழித்து வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்லித் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். விரைவாக ஓடும் சிறு சோதனைகள் நிறைய, திரையைத் திறந்து பொத்தானை அழுத்திப் பார்க்கும் கனமான சோதனைகள் கொஞ்சம் என்ற பங்கீடும் இப்போது பரவலாக ஏற்கப்பட்டதே. இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியது, சோதனை தேறியதைக் காட்டும் பச்சை நிறம் (தவறினால் சிவப்பு) எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைத்தான். அறுபது வயது நிறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். நிரலாளர் 'அறுபதும் அதற்கு மேலும்' என்று எழுதுவதற்குப் பதில், கைதவறி 'அறுபதுக்கு மேல்' என்று எழுதிவிடுகிறார். இந்த நிரலை ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துச் சோதனை எழுதச் சொன்னால், அது நிரலைப் படித்துவிட்டு, 59 வயதுக்குச் சலுகை இல்லை, 60 வயதுக்குச் சலுகை இல்லை, 61 வயதுக்குச் சலுகை உண்டு என்று மூன்று சோதனைகளை அழகாக எழுதித் தரக்கூடும். மூன்றும் பச்சை. நிரலின் ஒவ்வொரு வரியும் ஓடிவிட்டதால் சோதனைப் பரப்பு நூறு சதவீதம். அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடியவருக்கு மட்டும் சலுகை கிடைக்காது. இதைவிட மோசமானது அடுத்து நடக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொரு நிரலாளர் தவற்றைக் கவனித்துத் திருத்தும்போது அந்த 60 வயதுச் சோதனை சிவப்பாகும். 'ஏதோ காரணத்தோடுதான் இப்படி எழுதியிருப்பார்கள்' என்று அவர் தன் திருத்தத்தையே திரும்பப் பெற்றுக்கொள்வார். நிரலைப் பார்த்து எழுதப்பட்ட சோதனை நிரல் சொல்வதையே திருப்பிச் சொல்லும். விதியைப் பார்த்து எழுதப்பட்ட சோதனைதான் நிரலைக் கேள்வி கேட்கும். அந்த விதி பல நேரங்களில் ஆவணத்தில் இருப்பதில்லை. வாடிக்கையாளரிடமும் சட்டப் பிரிவிலும் போய்க் கேட்டு அறிய வேண்டியதாக இருக்கிறது.

சோதனைகளையே சோதிக்கும் வழி ஒன்று 1970களிலேயே முன்வைக்கப்பட்டது. மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். நிரலில் வேண்டுமென்றே ஒரு சிறு பிழையைப் புகுத்துவது, பிறகு சோதனைகளை ஓட்டி, ஏதாவது ஒன்று சிவப்பாகிறதா என்று பார்ப்பது, அவ்வளவே. மேற்சொன்ன விதிக்கு 45 வயதையும் 75 வயதையும் மட்டும் வைத்துச் சோதித்திருந்தால், 'அறுபதும் அதற்கு மேலும்' என்பதை 'அறுபதுக்கு மேல்' என்று மாற்றினாலும் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அந்தச் சோதனைகள் ஓடினவே தவிர எதையும் காவல் காக்கவில்லை என்பது அப்போது வெளிச்சத்துக்கு வரும். கணினி நேரம் அதிகம் தேவைப்பட்டதால் நெடுங்காலம் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்த இந்த முறை இப்போது அன்றாட வேலைக்கு எட்டியிருக்கிறது. இயந்திரம் எழுதித் தரும் சோதனைகளை ஏற்றுக்கொள்ளும் எந்தக் குழுவும் குறைந்தபட்சம் முக்கியமான பகுதிகளிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதைச் செய்யாமல் பரப்புச் சதவீதத்தை மட்டும் மேலிடத்துக்கு அனுப்புவது கண்துடைப்பு.

எண்ணிக்கை பெருகுவதால் வரும் இன்னொரு தொல்லையும் உண்டு. நிரலில் எந்த மாற்றமும் இல்லாதபோதே ஒருமுறை பச்சையாகவும் மறுமுறை சிவப்பாகவும் வரும் சோதனைகளை 'ஃப்ளேக்கி' என்பார்கள். தங்களிடமுள்ள சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் ஏதோ ஓர் அளவில் இப்படித் தடுமாறுபவை என்று கூகுள் நிறுவனப் பொறியாளர் ஒருவர் 2016இல் எழுதியிருந்தார். அத்தனை வசதியும் ஆள்பலமும் உள்ள இடத்திலேயே இதுதான் நிலை. சிவப்பு வந்ததும் காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக மறுபடி ஓட்டிப் பார்ப்பது என்ற பழக்கம் ஒரு குழுவில் வேரூன்றிவிட்டால், பிறகு அங்கே நடப்பது 'புலி வருது' கதைதான். உண்மையான பிழையைக் காட்டும் சிவப்பும் மூன்றாம் முறை ஓட்டும்போது தற்செயலாகப் பச்சையாகி, கதவைத் தாண்டி வெளியே போய்விடும். நம்ப முடியாத சோதனையைத் தனியே ஒதுக்கிவைத்து, அதைச் சரிசெய்ய ஒருவரைப் பொறுப்பாக்கி, குறித்த காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் நீக்கிவிடும் துணிச்சல் தலைமைக்கு வேண்டும். நாலாயிரம் சோதனைகள் இருந்த இடத்தில் மூவாயிரம்தான் இருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொல்வது எளிதல்ல. எண்ணிக்கையே சாதனை என்று பழக்கப்படுத்தப்பட்ட மேலதிகாரியிடம் இன்னும் கடினம்.

மனிதச் சோதனையாளர் என்ன செய்கிறார் என்பதற்கு, மென்பொருள் வரலாற்றில் நான் அறிந்தவற்றுள் மிகத் துயரமான எடுத்துக்காட்டு தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி. 1985 முதல் 1987 வரை அந்தக் கருவியால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. முந்தைய மாதிரியிலும் இதே வகைப் பிழை மென்பொருளில் இருந்தது. ஆனால் அதிலிருந்த தனிப் பாதுகாப்புச் சாதனங்கள் ஆபத்தைத் தடுத்துவிட்டன. புதிய மாதிரியில் அந்தச் சாதனங்களை எடுத்துவிட்டு முழுப் பொறுப்பையும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். டெக்சஸ் மாநில மருத்துவமனை ஒன்றில், கருவியை இயக்கியவர் எலக்ட்ரான் கதிர் என்பதற்கான எழுத்துக்குப் பதில் எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டு, உடனே மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்திப் போய்த் திருத்தினார். பழகிய கை என்பதால் எல்லாம் எட்டு நொடிக்குள் முடிந்துவிட்டது. கருவியின் காந்தங்கள் நிலைக்கு வர ஏறத்தாழ அந்த எட்டு நொடி தேவைப்பட்டது. அந்த இடைவெளியில் செய்த திருத்தம் திரையில் தெரிந்ததே தவிரக் கருவிக்குப் போய்ச் சேரவில்லை. 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'கோளாறு 54' என்று மட்டும் திரையில் வந்தது. அப்படிப்பட்ட செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்ததால், ஒரு பொத்தானை அழுத்தித் தொடர்வதே அங்கே வழக்கமாகியிருந்தது.

அளவு மீறிய கதிர்வீச்சுக்கு வாய்ப்பே இல்லை என்று தயாரிப்பாளர் கூறிவந்தார். அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. கருவியை இயக்கியவரை அருகில் வைத்துக்கொண்டு, அன்று என்னென்ன பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தினார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, தட்டச்சின் வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். தயாரிப்பாளரின் ஆட்களால், வேகமாகத் தட்ட வேண்டும் என்று சொல்லித் தரப்படும் வரை அந்தப் பிழையை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. எழுதிவைத்த படிகளை ஒவ்வொன்றாக வாசித்து நிதானமாகச் செய்யும் சோதனையாளருக்கு இந்தப் பிழை ஆயுள் முழுக்கத் தென்பட்டிருக்காது. ஒருவர் நடந்ததை நம்பி, 'எப்போது, எப்படி, எந்த வேகத்தில்' என்று விடாமல் துளைத்துக் கேட்டதால்தான் அது பிடிபட்டது.

எக்ஸ்ப்ளோரேட்டரி டெஸ்டிங் என்று இன்று துறையில் வழங்கும் முறை இந்தத் துளைத்தலையே ஒழுங்குபடுத்தியது. மனம்போன போக்கில் கிளிக் செய்து பார்ப்பது என்று இதை நினைப்பவர்கள் இருக்கிறார்கள், மேலாளர்களிலேயே இருக்கிறார்கள். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ வரையறுத்துக்கொண்டு, 'பணம் செலுத்தும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகிறது' என்பது போன்ற ஒரே ஒரு நோக்கத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு விடையிலிருந்தும் அடுத்த கேள்வியை உருவாக்கிக்கொண்டே போய், கண்டதைக் குறித்துவைத்து, முடிவில் இன்னொருவரிடம் விளக்குவது அதன் நடைமுறை. இயந்திரத்துக்கும் இதில் இடமுண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய ஆய்வொன்றில், தாறுமாறான எழுத்துகளை உள்ளீடாகக் கொட்டியதிலேயே யூனிக்ஸ் இயங்குதளத்தின் கட்டளை நிரல்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை செயலிழந்தன. அந்த முறையின் வாரிசுகள் இன்றும் பாதுகாப்புக் குறைகளை அள்ளிக்கொண்டு வருகின்றன. எங்கே கொட்டுவது, வந்த விளைவில் எது ஆபத்து, எது அற்பம் என்று முடிவு செய்ய அந்த மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவரின் நிலை தெரிந்த ஒருவர் தேவை.

இனி தலைமையைப் பற்றி. நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில், மாதந்தோறும் அதிகப் பிழைகளைப் பதிவு செய்த சோதனையாளரின் பெயரை அறிவிப்பார்கள். விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. தேதி வடிவம் தவறாக இருந்த ஒரே பிழை, அது தெரியும் பதினொரு திரைகளுக்குப் பதினொரு பிழைகளாகப் பதிவாயிற்று. அதே நிறுவனத்தில் நிரலாளர்களின் ஆண்டு மதிப்பீடு, அவர்கள் பெயரில் பதிவான பிழைகள் எவ்வளவு குறைவு என்பதைப் பொறுத்திருந்தது. ஆகவே 'இது பிழையில்லை, இப்படித்தான் வடிவமைத்தோம்' என்ற வழக்காடலிலேயே கூட்டங்கள் கழிந்தன. மறுபுறம், கணக்கு வழக்கில் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் ஒரு மர்மமான பிழையைப் பின்தொடர்ந்து வாரக்கணக்கில் உட்கார எவருக்கும் மனம் வரவில்லை. வாரம் முழுக்க உழைத்தாலும் ஒன்றுதானே கணக்கில் ஏறும்? ஓர் அளவுகோலை இலக்காக்கிவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்ற கருத்தைப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் 'குட்ஹார்ட் விதி' என்பார்கள். தரக் குழுக்கள் அதை ஒவ்வொரு காலாண்டிலும் புதிதாக மெய்ப்பித்துக்கொண்டிருக்கின்றன.

மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு முதலில் குழம்பிப்போனார். அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை ஒளிக்காமல் சொன்னார்கள் என்பது பிறகு தெரியவந்தது. மென்பொருள் துறைக்கு இது அப்படியே பொருந்தும். 'எங்கள் குழுவில் இந்த மாதம் தீவிரப் பிழை ஒன்றுகூட இல்லை' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது நல்ல மென்பொருளின் அடையாளமா, வாயடைக்கப்பட்ட குழுவின் அடையாளமா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலையில் ஓர் இளம் சோதனையாளர் வந்து தயங்கித் தயங்கி ஒரு சந்தேகத்தைச் சொல்லும்போது, தலைவர் கேட்கும் முதல் கேள்வி 'எங்கே, காட்டு பார்க்கலாம்' என்பதா, 'இதை ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறாய்' என்பதா? இரண்டாவதைக் கேட்டால், அடுத்த முறை அவர் தாமதமாகக்கூடச் சொல்ல மாட்டார்.

இதைச் சொன்னதால், வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரத்தைத் தரக் குழுவிடமே கொடுத்துவிட வேண்டும் என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். அப்படிக் கொடுத்த இடங்களில், தரம் என்பது கடைசிக் கதவில் நிற்கும் காவலரின் பாடு என்று மற்ற எல்லோரும் கைகழுவிவிடுகிறார்கள். உற்பத்தி முடிந்தபின் பரிசோதித்துத் தரத்தை வரவழைத்துவிடலாம் என்ற நம்பிக்கையைக் கைவிடும்படி தர மேலாண்மை வல்லுநர் எட்வர்ட்ஸ் டெமிங் தொழிற்சாலைகளுக்குச் சொன்னது மென்பொருளுக்கும் உரியதே. திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே சோதனையாளரைக் கூட்டத்தில் உட்கார வைத்தால், 'பயனர் அந்தப் பொத்தானை இருமுறை அழுத்தினால் பணம் இருமுறை போகுமா?' என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, பின்னால் நூறு பிழைப் பதிவுகளைத் தவிர்க்கும். வெளியிடும் முடிவு தயாரிப்புப் பொறுப்பாளருடையது. அந்த முடிவு எந்த நிலவரத்தின் மீது எடுக்கப்பட்டது என்பதை மறுக்க முடியாதபடி செய்வது தரத் தலைவருடையது.

அதற்கு நான் வற்புறுத்தும் கருவி மிக எளிமையானது: ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஒரே ஒரு பக்கத்தில், வாக்கியங்களாக எழுதப்பட்ட குறிப்பு. எதைச் சோதித்தோம், என்ன கண்டோம் என்பது மேல் பாதியில் இருக்கும். கீழ்ப் பாதி முழுவதும் சோதிக்காதவை. 'ஒரே நேரத்தில் ஐயாயிரம் பேர் நுழைந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை; அதற்கான சூழல் தயாராகவில்லை.' 'பழைய கைபேசிகளில் சோதிக்கவில்லை, நேரமில்லை.' 'தரவு இடமாற்றத்தைப் பாவனைத் தரவைக் கொண்டு மட்டுமே சோதித்தோம். உண்மைத் தரவில் வெற்று இடங்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம்.' இந்த வரிகளுக்குக் கீழே, இவற்றை அறிந்தே வெளியிடுகிறேன் என்று பொறுப்பாளர் பெயரிட வேண்டும். டாஷ்போர்டு என்ற நிலவரத் திரையில் ஒளிரும் பச்சை வட்டத்தைப் பார்த்துத் தலையாட்டுவது சுலபம். இந்த வாக்கியங்களைப் படித்துவிட்டுத் தலையாட்டுவது அவ்வளவு சுலபமில்லை. பெயரெழுதப் பேனாவை எடுத்துவிட்டு, 'இரண்டு நாள் தள்ளிவைத்தால் அந்த மூன்றாவதைப் பார்த்துவிட முடியுமா?' என்று கேட்ட பொறுப்பாளர்களைக் கண்டிருக்கிறேன்.

ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவுகலம் 1996 ஜூன் 4 அன்று புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாமல் சிதறியதன் விசாரணை அறிக்கையில், இப்படியொரு பக்கம் இல்லாத குறை வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. முந்தைய ஏரியான் 4இன் திசையறி மென்பொருளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார்கள். 64 பிட் எண்ணொன்றை 16 பிட்டுக்குள் அடைக்கும் இடத்தில், எண் பெரிதாகிவிட்டால் என்ன செய்வது என்ற பாதுகாப்பு எழுதப்படவில்லை. கணிப்பானின் சுமையைக் கட்டுக்குள் வைப்பதற்காக, அப்படிப்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு தந்து மூன்றை விட்டுவிட்டார்கள். பழைய ஏவுகலத்தின் வேகத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. அந்த முடிவுக்கான காரணம் நிரலில் எங்கும் குறிக்கப்படவில்லை. புதிய ஏவுகலத்தின் பாதையை வைத்து அந்தத் திசையறி சாதனம் சோதிக்கப்படவும் இல்லை. கோளாறு ஏற்பட்டால் கைகொடுக்க இருந்த மாற்றுச் சாதனத்திலும் ஓடியது அதே மென்பொருள்தான் என்பதால், இரண்டும் ஒரே காரணத்தால், ஏறத்தாழ ஒரே கணத்தில் நின்றுபோயின. 'ஏரியான் 5இன் பாதையில் சோதிக்கவில்லை' என்ற ஒரு வரி, பெயரெழுத வேண்டியவரின் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

எல்லாப் பிழைகளையும் முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று எந்த நேர்மையான தரத் தலைவரும் வாக்குக் கொடுக்க மாட்டார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று காட்ட முடியாது என்று கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969இலேயே சொல்லிவிட்டார். ஆகவே தப்பிவரும் பிழை எத்தனை பேரைத் தாக்கும் என்பதைக் கட்டுப்படுத்துவதும் தரக் குழுவின் வேலைக்குள் வருகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு தரவுக் கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்க வைத்தது. அந்தக் கோப்பு 21 உள்ளீட்டுப் புலங்களை எதிர்பார்த்தது. மென்பொருளோ 20 மட்டுமே கொடுத்தது. முந்தைய கோப்புகளில் 21ஆவது புலம் 'எதுவாக இருந்தாலும் சரி' என்று விடப்பட்டிருந்ததால் சோதனைகளில் அது அகப்படவில்லை. கோப்புகளைச் சரிபார்க்கும் நிரலிலும் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அவர்கள் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குள் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏனென்றால் மென்பொருளின் புதிய பதிப்புகளுக்குக் கடைப்பிடிக்கப்பட்ட படிப்படியான வெளியீடு, இத்தகைய தரவுக் கோப்புகளுக்குக் கடைப்பிடிக்கப்படவில்லை. முதலில் ஆயிரம் கணினிகள், ஒரு மணி நேரக் கண்காணிப்பு, பிறகு அடுத்த கட்டம் என்று போயிருந்தால், விமான நிலையங்களில் யாரும் காத்துக்கிடந்திருக்க மாட்டார்கள். 'வெறும் தரவுதானே, நிரல் இல்லையே' என்ற எண்ணம் எத்தனையோ நிறுவனங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது.

இறுதியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிரிட்டன் அஞ்சல் துறையின் ஹொரைசன் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, மோசடிக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளைப் பராமரித்தவர்களிடம் அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு ஒன்று இருந்தது. நீதிமன்றங்களிலோ, அந்த மென்பொருள் நம்பத்தக்கது என்றே சொல்லப்பட்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஏழு பேரின் கதையை 2009இல் ஒரு கணினித் துறை இதழ் வெளியிட்டது. ஹொரைசனின் பழைய வடிவம் உறுதியானதாக இருக்கவில்லை என்று 2019இல் நீதிமன்றம் கூறியது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது. நிறுவனத்துக்குள்ளே மேலே போக முடியாமல் நின்ற செய்தியைப் பத்திரிகை வெளியே இருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

அத்தகைய இடம் தங்கள் நாளிதழுக்கும் உண்டு. வங்கிச் செயலி முடங்கினாலும், தேர்வு முடிவுகள் தவறாக வெளியானாலும், விமான முன்பதிவு நின்றாலும், 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தடங்கல் ஏற்பட்டது. தற்போது சரிசெய்யப்பட்டுவிட்டது' என்று நிறுவனம் தரும் இரண்டு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. தங்கள் செய்தியாளர்கள் கூடுதலாகச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். முடக்கத்துக்கு முன் என்ன மாற்றம் செய்யப்பட்டது? அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனதா, சிறிது சிறிதாகப் போனதா? பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடித்தது? இந்தக் குறை முன்பே யாருடைய பதிவேட்டிலாவது இருந்ததா? இருந்தால், அது யாருடைய மேசை வரை போயிற்று? பதில் வராவிட்டால், கேட்டோம், பதில் வரவில்லை என்று அச்சிடுங்கள். தரக் குழுக்களைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் இயந்திரத்திடம் ஒப்படைத்ததாக அறிவிக்கும் நிறுவனங்களிடம், குறிப்பாக அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் தரக் குழுத் தலைவர் ஒருவர்,
தங்கள் நாளிதழின் வாசகர்